தாமரையிலையும் நீர்த்துளியும்: பற்றின்மை குறித்த ஒரு விசாரணை

இந்தியச் சமய மரபுகள் பற்றின்மையை விளக்கக் கையாண்ட உவமைகளுள் தாமரையிலையும் அதன்மேல் உருளும் நீரும் மிகப் பழமையானவை. சாந்தோக்கிய உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில், ஆசிரியர் சத்தியகாம ஜாபாலர் தம் மாணவன் உபகோசலனுக்கு மெய்ப்பொருளை உணர்த்தும் இடத்தில் இவ்வுவமை வருகிறது. பகவத்கீதையின் ஐந்தாம் அத்தியாயத்துப் பத்தாம் சுலோகத்தில் மீண்டும் வருகிறது. பௌத்தரின் தம்மபதம் தன் இறுதி இயலில் உண்மையான அந்தணன் யாரென்று வரையறுக்கும்போதும், சமணரின் உத்தராத்தியயன சூத்திரம் பாசத்தை அறுக்கச் சொல்லும்போதும் தாமரையும் நீருமே சான்றாக நிற்கின்றன. உவமை ஒன்றாயினும் இவை யாவும் ஒன்றையே கூறுவதாகக் கொள்ள இயலாது. உபநிடதத்தில் ஒட்டாமல் நீங்குவது தீவினை, அதனை நீக்குவது அறிவு. கீதையில் ஒட்டாமல் நீங்குவது பாவம், அதனை நீக்குவது பற்றை விட்டுச் செய்யும் செயல். தம்மபதத்தில் நீங்குவது புலனின்ப விழைவு. எதை விலக்க வேண்டும் என்பதிலும் எதனால் விலக்க இயலும் என்பதிலும் இந்நூல்கள் வேறுபடுகின்றன என்பதை மனத்திற்கொண்டே உவமையை அணுக வேண்டும்.

தமிழர் அன்றாடப் பேச்சில் இவ்வுவமை வேறொரு பொருளை ஏற்றுவிட்டது. வீட்டில் இருந்தும் எவரோடும் மனங்கலந்து பேசாதவனை, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அன்பற்றுப்போன கணவன் மனைவியை, ஊராரின் நன்மை தீமைகளில் தலையிடாத ஒருவரைத் தாமரை இலைத் தண்ணீர்போல இருப்பதாகச் சொல்வது வழக்கம். இங்கே உவமை சுட்டுவது அன்பின் குறைவை, உறவின் வறட்சியை. ஞானியின் நிலைக்குச் சான்றாகச் சொல்லப்பட்ட ஒன்று, அன்பற்றவனைக் கடிந்துகொள்ளவும் பயன்படுகிறதென்றால், இவ்விரண்டில் எது உவமையின் உட்பொருள் என்ற வினா எழுவது இயல்பு. பற்றின்மை என்பது எதையும் தொடாதிருத்தலா, தொட்டும் உணர்வற்றிருத்தலா, அன்றி இவ்விரண்டிலும் அடங்காத வேறொரு நிலையா என்பதே அவ்வினா.

இவ்வினாவைக் கண்முன் நிறுத்தும் இடமாகச் சென்னையின் நங்கநல்லூரைக் கொள்ளலாம். சில தெருக்களுக்குள் லட்சுமி நரசிம்மரும் இராஜராஜேசுவரியும் குருவாயூரப்பனும் ஐயப்பனும் கோயில் கொண்டுள்ள இவ்வூரில், 1995-இல் குடமுழுக்குக் கண்ட ஆதிவியாதிஹர பக்த ஆஞ்சநேயர் கோயிலின் மூலவர் ஒரே கல்லில் 32 அடி உயரத்தில் நிற்கிறார். ஆதி என்பது மனத்தின் நோய், வியாதி என்பது உடலின் நோய். இரண்டையும் போக்குபவர் என்பது அத்திருப்பெயரின் பொருள். ஆஞ்சநேயரோ புலனடக்கத்துக்கும் பிரமசரியத்துக்கும் எடுத்துக்காட்டாக வணங்கப்படுபவர். அதே வேளையில் இராமனிடம் அவர் கொண்ட பற்றுக்கு இணையான பற்றைத் தொன்மங்களில் காண்பது அரிது. பற்றே இல்லாதவர் என்றும் பற்றின் எல்லை என்றும் ஒருவரையே போற்றுவது முரண்பாடா என்ற கேள்விக்கு விடை காணாமல் தாமரையிலை உவமையையும் விளங்கிக்கொள்ள முடியாது. அதற்கு முதலில் நீர் ஏன் துளியாகிறது, இலை ஏன் நனையாமல் இருக்கிறது என்பவற்றைப் பருப்பொருள் நிலையிலேயே தெளிவாக்கிக்கொள்வது நன்று.

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரு ஹைட்ரஜன் அணுக்களும் இணைந்தது. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை நாடி ஈர்க்கப்படுவதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பர். ஒரே பொருளின் மூலக்கூறுகள் இவ்வாறு தம்முள் ஈர்த்துக்கொள்வதற்கு ஓரினக் கவர்ச்சி என்றும், நீரும் கண்ணாடியும்போல வெவ்வேறு பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதற்கு வேற்றினக் கவர்ச்சி என்றும் பெயர். நீரின் உட்பகுதியில் உள்ள மூலக்கூறுக்கு எல்லாப் பக்கங்களிலும் அண்டைகள் இருப்பதால் அதன்மேல் செயற்படும் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. காற்றை எதிர்நோக்கி நிற்கும் மூலக்கூறுக்கோ மேற்புறத்தில் அத்தகைய அண்டைகள் இல்லை. ஆகவே மேற்பரப்பில் இருப்பதற்கு ஒவ்வொரு மூலக்கூறும் ஆற்றலில் ஒரு விலை கொடுக்கிறது, அந்த விலையைக் குறைக்கும்பொருட்டு நீர் தன் பரப்பை இயன்ற அளவு சுருக்கிக்கொள்கிறது. ஒரே கன அளவுக்கு மிகச் சிறிய பரப்புடைய வடிவம் கோளமாதலால் சிறு துளி உருண்டையாகிறது. இச்சுருங்கும் போக்கே பரப்பு இழுவிசை எனப்படுவது. 20 பாகை செல்சியசில் நீருக்கு அது மீட்டர் ஒன்றுக்கு 72.8 மில்லிநியூட்டன், எத்தனாலுக்கு ஏறத்தாழ 22. சூடு ஏற ஏற நீரின் இழுவிசை குறைந்து கொதிநிலையில் 59 அளவுக்கு வந்துவிடுகிறது.

நீரின்மேல் மெல்லிய தோல் ஒன்று போர்த்தியிருப்பதாகப் பள்ளிப் பாடங்களில் சொல்லப்படுவது தொடக்கநிலைக்கு உதவினாலும், அதனை அப்படியே நம்பிவிடுவது பிழையான தத்துவத்துக்கு வழிவகுக்கும். நீரிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க படலம் எதுவும் மேலே இல்லை. மேற்பரப்பில் நிற்பதும் அதே நீர்தான், அதன் மூலக்கூறுகளும் கணந்தோறும் உள்ளே சென்றுகொண்டும் வெளியே வந்துகொண்டும் இருக்கின்றன. இழுவிசை ஒரு பொருளன்று. அண்டை உள்ள இடத்துக்கும் அண்டை இல்லாத இடத்துக்கும் இடையேயான வேறுபாட்டில் அது தோன்றுகிறது. தனித்த ஒரு மூலக்கூறை எடுத்து வைத்துக்கொண்டு அதன் பரப்பு இழுவிசை என்ன என்று கேட்பதற்கே பொருளில்லை.

இத்துறையின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1888-இல் திருவானைக்காவில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ச. வெ. இராமன், இருபது வயது நிறைவதற்கு முன்பே, துளியின் வளைவைக் கொண்டு நீர்மங்களின் பரப்பு இழுவிசையை அளக்கும் முறையைப் பற்றி 1907-இல் இலண்டனின் பிலசாபிகல் மேகசின் இதழில் எழுதினார். அவர் வெளியிட்ட முதல் சில ஆய்வுரைகளுள் அது ஒன்று. பின்னர் கல்கத்தாவில் இருந்தபோது எல். ஏ. இராமதாசுடன் சேர்ந்து, நீர்மங்களின் மேற்பரப்பு ஒளியை எவ்வாறு சிதறடிக்கிறது, அச்சிதறலுக்கும் பரப்பு இழுவிசைக்கும் என்ன தொடர்பு என்பதை ஆராய்ந்து 1925-இல் இராயல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். கண்ணுக்கு ஆடிபோல் அசைவற்றுத் தோன்றும் நீர்ப்பரப்பும் வெப்பத்தின் விளைவாக ஓயாமல் நுண்ணலைகளாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது என்பதும், அந்நடுக்கத்தை ஓர் அளவுக்குள் நிறுத்தி வைப்பது பரப்பு இழுவிசை என்பதும் இவ்வாய்வுகளின் அடிப்படை. எல்லைக்கோடு என்று மனம் கருதுவது உண்மையில் ஓயாத கொடுக்கல் வாங்கலால் காக்கப்படும் ஒரு நிலை என்ற இக்கருத்து, ஆன்மாவின் எல்லையைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கும் பயன்படக்கூடியது.

இந்தியத் தருக்க நூலார் நீரின் இப்பண்பைத் தம் முறையில் கவனித்திருக்கிறார்கள். கணாதரின் வைசேடிக சூத்திரம் நீருக்குரிய குணங்களைச் சொல்லும்போது நெகிழ்ந்தோடும் தன்மையோடு சினேகம் என்னும் பசைத்தன்மையையும் சேர்க்கிறது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் சினேகத்தை வரையறுக்கையில், மாவு முதலான பொடிகள் திரண்டு உருண்டையாவதற்குக் காரணமான குணம் என்றும், அது நீரில் மட்டுமே இருப்பது என்றும் கூறுகிறது. எண்ணெயிலும் பசை உண்டே என்ற தடையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். எண்ணெயில் அடங்கிய நீர்க்கூற்றுக்கே அது உரியது என்றும், அங்கே அது மிகுந்திருப்பதாலேயே எண்ணெய் எரியத் துணைசெய்கிறது என்றும் அம்மரபின் மற்றோர் ஆசிரியரான விசுவநாதரின் நூல் விடை சொல்லிற்று. இவ்விடை இன்றைய வேதியியலுக்கு ஒவ்வாது. ஆயினும் ஈரமாவு ஏன் திரள்கிறது என்ற அடுக்களைக் கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்குத் தனியே ஒரு குணத்தை வகுத்த கூர்மை மதிக்கத்தக்கது. மாவுத்துகள்களுக்கிடையே நீர் சிறு பாலங்களாக நின்று பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது என்பது அத்திரட்சிக்கு இன்று தரப்படும் விளக்கத்தின் முக்கியமான பகுதி.

தனித்தனியே காணப்படாத ஒன்று கூட்டத்தில் எவ்வாறு தோன்றும் என்ற கேள்வியும் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை உரைக்கும்போது, ஆசீவகவாதி அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். மாலைப்பொழுதின் மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் புலப்படாது, மயிர்த்திரள் புலப்படும். அணுவும் அதுபோன்றதே என்பது அவன் வாதம். திரளும்போது புலப்படுவது முன்பே இருந்து மறைந்திருந்ததா, திரட்சியால் புதிதாய்ப் பிறந்ததா என்பதில் ஆசீவகருக்கும் வைசேடிகருக்கும் கருத்து வேறுபாடு உண்டு: உறுப்புகளிலிருந்து வேறாக அவயவி என்னும் முழுமை ஒன்று உண்மையிலேயே தோன்றுகிறது என்பர் வைசேடிகர். பரப்பு இழுவிசையைப் பொறுத்தவரை, ஒற்றை மயிரில் இருப்பதே திரளில் தெரிவது போன்றதன்று அது என்பதால், ஆசீவகவாதியின் உவமை இங்கே போதாது; வைசேடிகர் பக்கமே ஓரளவு வலுவுடையதாகத் தோன்றுகிறது.

இனி இலையைப் பற்றி. தாமரையிலையில் நீர் ஒட்டாததற்கு அதன் வழவழப்பே காரணம் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, மின்னணு நுண்ணோக்கியின்கீழ் அவ்விலையின் மேற்புறம் நெருக்கமான சிறு முகடுகளால் நிறைந்திருப்பதையும், முகடுகளின்மேல் அவற்றினும் பன்மடங்கு நுண்ணிய மெழுகுக் குழல்கள் படர்ந்திருப்பதையும் எடுத்துக்காட்டியது. முகடு ஒன்றின் அளவு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நீர்த்துளி இம்முகடுகளின் உச்சிகளை மட்டும் தொட்டு நிற்கிறது. அவற்றுக்கிடையே உள்ள பள்ளங்களில் காற்று தங்கியிருப்பதால் துளியின் அடிப்பரப்பில் பெரும்பகுதி இலையை அல்லாமல் காற்றையே எதிர்கொள்கிறது. திண்மத்தின் மேல் நீர்த்துளி ஏற்படுத்தும் கோணத்தைச் சேர்கோணம் என்பர். நீர் நன்றாகப் பரவினால் அது சுழியை நெருங்கும், துளி முழு உருண்டையாக நின்றால் 180 பாகையை நெருங்கும். வழவழப்பான மெழுகுப் பரப்பில் இக்கோணம் 110 பாகை அளவோடு நின்றுவிடுகிறது, தாமரையிலையிலோ 150 பாகையைக் கடக்கிறது. மெழுகு மட்டும் இருந்திருந்தால் துளி சரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மெழுகோடு கரடும் காற்றும் சேர்ந்ததாலேயே அது உருண்டோடுகிறது.

சேர்கோணம் எதைச் சார்ந்தது என்பதைத் தாமஸ் யங் 1805-இல் தெளிவாக்கினார்: திண்மத்துக்கும் காற்றுக்கும் இடையே, திண்மத்துக்கும் நீருக்கும் இடையே, நீருக்கும் காற்றுக்கும் இடையே உள்ள மூன்று இழுவிசைகளின் சமநிலையே அக்கோணத்தை நிறுவுகிறது. ஆகவே நனைதல் நீரின் தனிக்குணமும் அன்று, இலையின் தனிக்குணமும் அன்று. சந்திப்பின் குணம் அது. இதனைக் கோயிலிலும் காணலாம். ஆஞ்சநேயர் திருமேனிக்கு எண்ணெய்க்காப்போ வெண்ணெய்க்காப்போ சாத்துவது வழக்கம். எண்ணெய் படாத கருங்கல்லில் ஊற்றிய நீர் மெல்லிய ஏடாகப் பரவி வழிகிறது. எண்ணெய் படிந்த அதே கல்லில் அதே நீர் முத்து முத்தாகப் பிரிந்து இறங்குகிறது. திருமுழுக்கு வரிசையில் எண்ணெய்க்குப்பின் மாப்பொடியும் மஞ்சட்பொடியும் வருவதற்கு வழிபாட்டு மரபில் வேறு காரணங்கள் இருக்கலாம், ஆனால் எண்ணெயை உறிஞ்சி நீக்கி, கல்லை மீண்டும் நீரை ஏற்கும் நிலைக்குக் கொணரும் பணியையும் அவை செய்துவிடுகின்றன. கல்லும் மாறவில்லை, நீரும் மாறவில்லை. இடையில் நிற்பது மட்டும் மாறியது.

உபநிடதமும் கீதையும் பரப்பு இழுவிசையை முன்கூட்டியே அறிந்திருந்தன என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உளர். அவ்வாறு சொல்வது அந்நூல்களுக்கும் பெருமை தராது, அறிவியலுக்கும் நேர்மை செய்யாது. உவமை கண்டவர்கள் குளக்கரையில் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். மூலக்கூறும் நுண்முகடும் அவர்களுடைய நோக்கமல்ல. செய்யத்தக்கது வேறொன்று: உவமைப் பொருளைப் பற்றி இன்று கூடுதலாகத் தெரிந்தவற்றைக்கொண்டு, உவமேயத்தைப் பற்றி இன்னும் கூர்மையான கேள்விகளைக் கேட்பது. உவமை உண்மையைக் கண்டு சொல்லப்பட்டதாயின், உண்மை விரியும்போது அதுவும் விரிய இடங்கொடுக்கும்.

முதற்கேள்வி: தாமரையிலை நீரைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது, தாங்கவும் செய்கிறது. அதன் வேர் சேற்றிலும் தண்டு நீரிலும் நிற்கின்றன, மிதக்கும் இலையின் அடிப்புறம் நீரோடு ஒட்டியே கிடக்கிறது. மேற்புறம் மட்டும் உலர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் இவ்விலையின் சுவாசத்துளைகள் மேற்புறத்திலேயே அமைந்துள்ளன. நனையாமை நீரின்மேல் கொண்ட வெறுப்பால் ஏற்பட்டதன்று. நீரிலேயே வாழ வேண்டிய ஓர் உயிர் மூச்சுவிடுவதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு. அன்பற்றவனைச் சுட்ட இவ்வுவமையைப் பயன்படுத்தும் வழக்கு இந்த இடத்தில் பிழைபடுகிறது. அவன் மேற்புறத்தை மட்டும் அன்றி வேரையும் வெளியே எடுத்துக்கொண்டவன். தாமரைக்கு அது சாவு.

இரண்டாவது: ஒட்டாத நீர் இலைக்கு என்ன செய்கிறது? பார்த்லாட்டின் ஆய்வு முதன்மையாக எடுத்துக்காட்டியது இதையே. உருளும் துளி இலைமேல் படிந்த தூசியைத் தன்னோடு அள்ளிக்கொண்டு போகிறது. ஒட்டியிருந்தால் தூசியைக் கரைத்து அங்கேயே படியவைத்திருக்கும். கீதையில் தாமரையிலைச் சுலோகத்தை அடுத்து வரும் பதினோராம் சுலோகம், யோகிகள் பற்றை விட்டு உடலாலும் மனத்தாலும் புத்தியாலும் செயல் புரிவது தம்மைத் தூய்மை செய்துகொள்வதற்காக என்கிறது. செயலை விட்டவனுக்குத் தூய்மை வருவதாக அங்கே சொல்லப்படவில்லை. ஒட்டாமல் கடந்துபோகும் செயலே துலக்குகிறது. இரு சுலோகங்களும் அடுத்தடுத்து நிற்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவதால், பற்றின்மை செயலின்மையாகத் திரிக்கப்படுகிறது.

பத்தாம் சுலோகத்தில் செயல்களைப் பிரமத்தில் வைத்து என்று வரும் இடத்துக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் இவ்விசாரணைக்கு இன்றியமையாதது. சங்கரர் அதனை ஈசுவரனிடம் ஒப்படைத்தல் என்று கொண்டு, ஓர் ஊழியன் தன் தலைவனுக்காகச் செய்வதுபோலச் செய்தல் என்று விளக்குகிறார். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசரோ அவ்விடத்துப் பிரமம் என்னும் சொல்லுக்குப் பிரகிருதி, அதாவது உடலாகவும் புலன்களாகவும் பரிணமிக்கும் மூலப்பொருள் என்று பொருள்கொண்டு, செயல்கள் புலன்களுக்கு உரியவை என உணர்ந்து அவற்றைப் பிரகிருதியிடம் வைத்தலைச் சொல்கிறார். இருவேறு விளக்கங்கள், ஆனால் செய்பவனுக்கும் செயலின் பயனுக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. சங்கரர் அவ்விடைவெளியைத் தலைவனிடத்துள்ள ஈடுபாட்டால் உண்டாக்குகிறார், இராமானுசர் அறிவின் பகுத்தலால் உண்டாக்குகிறார்.

சங்கரர் சொன்ன ஊழியனை வால்மீகியின் சுந்தரகாண்டத்தில் நேரில் காணலாம். அதன் பதினோராம் சருக்கத்தில், சீதையைத் தேடி இராவணனின் அந்தப்புரத்துக்குள் நள்ளிரவில் நுழைந்த அனுமன், உறங்கும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான். திடீரென்று அச்சம் அவனைப் பற்றுகிறது: பிறர் மனைவியரை உறங்கும் நிலையில் பார்த்தது அறத்துக்கு அடுக்குமா? பின்னர் தன்னையே ஆராய்ந்து தெளிகிறான். எல்லாரையும் பார்த்தது மெய். ஆயினும் மனத்தில் எந்தத் திரிபும் நேரவில்லை. புலன்களை நல்வழியிலோ தீவழியிலோ செலுத்துவது மனமே, அது நிலைபெயரவில்லை. பெண்ணொருத்தியைப் பெண்களுக்கிடையே அன்றி மான்கூட்டத்திலா தேடுவது? பாராயணத்தில் விரைந்து கடந்துவிடும் இப்பகுதி, பற்றின்மையைப் பற்றி இந்திய இலக்கியம் சொன்னவற்றுள் மிக நுட்பமான ஒன்று. அனுமன் கண்களை மூடிக்கொள்ளவில்லை, மூடிக்கொண்டிருந்தால் சீதையைத் தேடியிருக்க முடியாது. பார்த்ததை மறைக்கவும் இல்லை. அவனை இலங்கை நனைக்காமல் விட்டதற்குக் காரணம், அவன் நெஞ்சு முழுவதும் ஏற்கெனவே வேறொன்றால் நிறைந்திருந்தது என்பதே. பற்றில்லாதவனாகவும் பற்றின் எல்லையாகவும் ஒருவனே இருப்பதில் முரண் இல்லை. இரண்டாவது முதலாவதற்குக் காரணம்.

திருக்குறளின் துறவு அதிகாரம் 350-ஆம் குறளில் முடிவது இக்கருத்தில்தான்: பற்றுகளை விடுவதற்காகவே, பற்றற்றவனுடைய பற்றைப் பற்ற வேண்டும் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அப்பற்றற்றவனை இறைவன் என்று கொண்டு, அவன் எல்லாப் பொருள்களையும் பற்றி நின்றே பற்றற்றிருப்பவன் என்று விளக்குவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. எதையும் தொடாதவன் என்று அவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தொட்டுநின்றும் எதனாலும் நனையாதவன் என்ற பொருளையே அவ்வுரை தருகிறது.

சைவ சித்தாந்தத்தின் பக்கமிருந்து இங்கே ஒரு வலிய தடை எழும், அதனை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. உயிர் இயல்பிலேயே தாமரையிலை போன்றதாயின் அது எப்போதுமே நனைந்திராது. நனையாததற்கு விடுதலை எதற்கு? பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம், உயிர் தான் சார்ந்ததன் தன்மையை ஏற்பது என்ற அடிப்படையில் நிற்கிறது. செம்பில் களிம்புபோல ஆணவமலம் உயிரோடு தொன்றுதொட்டே கலந்துள்ளது என்பது இம்மரபின் துணிபு. கடலும் நீரும் உப்பும் என்ற மெய்கண்டாரின் உவமையில் உப்பு சார்வது நீரைத்தான், நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் கடல்வெளியை அன்று. அதுபோல் அறியாமை சார்வது உயிரையே, உயிருக்கு இடமாகிய இறைவனை அன்று. இவ்வாறு நோக்கினால் தாமரையிலை இறைவனுக்கே பொருந்தும் உவமை. உயிருக்குப் பொருந்துவதாயின், அருளால் பெறப்பட்ட பின்னிலையில்தான் பொருந்தும். இந்தத் தடை சரியானது என்றே தோன்றுகிறது. நனைதல் சந்திப்பின் குணம் என்ற அறிவியல் முடிவும் இதற்கு அரணாகிறது: இயல்பான ஒட்டாமை என்று ஒன்று இலைக்கும் இல்லை, அதன் மெழுகும் முகடும் வளர்ந்து உண்டானவை, இலை முதிர்ந்து மெழுகு தேயும்போது நீர் ஒட்டத் தொடங்கும். சீயக்காயில் உள்ள சபோனின் போன்ற பொருள்கள் கரைந்த நீரோ, பரப்பு இழுவிசை குறைந்துவிடுவதால், புதிய இலையிலும் பரவிவிடக்கூடும்.

இவற்றினும் நுட்பமான ஒரு செய்தியை யாங்-செ செங்கும் டேனியல் ரோடாக்கும் 2005-இல் வெளியிட்டார்கள். மேலிருந்து விழும் துளிகளை எளிதாக உருட்டிவிடும் தாமரையிலை, நீராவி அதன்மேல் குளிர்ந்து படியும்போது நனைந்துவிடுகிறது. துளி பள்ளங்களுக்குள் இறங்க முடியாத அளவுக்குப் பெரியது. ஆவியோ முகடுகளுக்கிடையே புகுந்து, காற்று இருந்த இடத்திலேயே நீராக மாறிவிடுகிறது. பருவடிவில் வருவதைத் தடுக்கும் அமைப்பு, நுண்வடிவில் வருவதற்கு வழிவிடுகிறது. பெருந்துறவிகள் செல்வத்தையும் சுற்றத்தையும் எளிதில் துறந்து, புகழிலும் தம் துறவைப் பற்றிய பெருமிதத்திலும் சிக்கியதைச் சமய வரலாறுகள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. வாசனை என்று நூல்கள் பெயரிட்டழைப்பது, செயல் ஓய்ந்த பின்னும் உள்ளத்தில் தங்கிவிடும் இந்நுண்ணிய படிவையே. அனுமன் அந்தப்புரத்தில் பெற்ற தெளிவைவிட, அத்தெளிவுக்கு முன் அவனுக்கு எழுந்த ஐயம் போற்றத்தக்கது என்பது இதனால்தான். துளி உருண்டோடிவிட்டதைக் கண்டு அவன் நிறைவடைந்துவிடவில்லை. பள்ளங்களில் ஏதேனும் படிந்ததா என்று தேடிப்பார்த்தான்.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் இந்நிலையை எதிர்நோக்கியே எழுதப்பட்டது. ஞானம் பெற்றபின் செய்ய எதுவும் எஞ்சியிராது என்று முடித்திருக்கக்கூடிய இடத்தில், மெய்கண்டார் அவ்வாறு முடிக்கவில்லை. மெய்யுணர்ந்தவனும் இறைவன் திருவடியை அணைய விடாத மலத்தைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும், அன்பரோடு கூடியிருக்க வேண்டும், அடியார் வேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனாகவே கண்டு தொழ வேண்டும் என்று விதிக்கிறார். கழுவுதலும் கூட்டமும் கோயிலும் பக்குவமற்றோர்க்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்துக்கு இச்சூத்திரம் இடந்தரவில்லை. அனுமன் சைவத்தின் சீவன்முத்தன் அல்லன், இராமனின் அடியவன். ஆயினும் அந்தப்புரத்தில் அவன் தன்னை ஆராய்ந்துகொண்டதும், சீதையைக் கண்ட செய்தியைத் தன் கூட்டத்தாரோடு சேர்ந்து சென்றே தலைவனிடம் அறிவித்ததும் அச்சூத்திரம் கேட்கும் ஒழுக்கத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. நங்கநல்லூரில் 32 அடிக் கல்லாக நிற்கும் அவன் பக்த ஆஞ்சநேயன் என்றே அழைக்கப்படுகிறான். முக்தன் என்று அல்ல.